வாரிசாக வந்து நிற்காதவர்கள்

பாலசமுத்திரத்திலும் அதைப் போன்ற சித்தூர், திருப்பதி மாவட்டத்து ஊர்களிலும் கூலிக்குப் போய்ப் பிழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். தமிழ் பேசும் வீடுகளில் பிறந்தோம். சிலர் தெலுங்கில் படித்தோம், சிலர் எல்லை தாண்டிப் போய்த் தமிழில் படித்தோம். இப்போது சென்னையிலும் பெங்களூரிலும் திருப்பதியிலும் இருக்கிறோம். எங்கள் தாத்தாக்கள் விட்டுப்போனவை பெரும்பாலும் இரண்டுதான். காலனியில் மூன்று நான்கு சென்ட் மனையும் அதில் நின்ற வீடும் ஒன்று. கரட்டோரத்தில் ஓர் ஏக்கரோ ஒன்றரை ஏக்கரோ டி.கே.டி. நிலம் மற்றொன்று. அந்த நிலத்தை விற்க அவர்களுக்குச் சட்டம் இடம் தரவில்லை. பிள்ளைகளுக்கு விட்டுப்போக மட்டும் இடம் தந்தது. அதை அவர்கள் குறையில்லாமல் செய்தார்கள். வாங்கிக்கொள்ள வேண்டிய நாங்கள்தான் வரவில்லை.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு டி.கே.டி. என்பது புதிதாக இருக்கலாம். அரசுத் தரிசைக் கேட்டு நிலமில்லாத ஏழை மனுப் போடுவது தர்காஸ்து. அந்த வழியில் கிடைக்கும் ஒப்படைப் பட்டாவைத்தான் எங்கள் பக்கத்தில் டி.கே.டி. பட்டா என்பார்கள். மனுப் போட்டதும் பட்டா வந்துவிடவில்லை. முதலில் யாரும் தொடாத கல்லாங்குத்தில் இறங்கிப் பயிர் செய்ய வேண்டும். அது சிவாய்ஜமா. அரசு நிலத்தில் அனுமதியில்லாமல் உழுததற்கு 1905ஆம் ஆண்டின் மதராஸ் நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி அபராதத் தீர்வை கட்ட வேண்டும். கட்டிய ரசீதே பிற்பாடு அனுபவத்துக்குச் சாட்சி ஆனது. பகலெல்லாம் ரெட்டியார் வீட்டுக் கரும்பிலும் வேர்க்கடலையிலும் கூலி வேலை. பொழுது சாய்ந்த பிறகு சொந்த மேட்டில் கல் பொறுக்கல். ஒரு தலைமுறை முழுக்க முதுகொடிந்து வரப்பு கட்டியது. இன்றும் அந்த மேடுகளில் போய்ப் பார்த்தால் வரப்பு மண்ணைவிடக் கல்லே அதிகம் தெரியும். ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் குனிந்து எடுத்துக் கூடையில் சுமந்து போட்ட கல்.

நிலத்தைக் கொடுத்த அரசு ஒரு நிபந்தனையையும் சேர்த்துக் கொடுத்தது. ஆந்திரப் பகுதியில் 1954 ஜூன் 18 தேதியிட்ட 1142ஆம் எண் அரசாணைக்குப் பிறகு வந்த ஒப்படைகளில், நிலத்தைக் கைமாற்றக் கூடாது என்ற கட்டுப்பாடு உண்டு. அதற்கு முன் கொடுத்த பல பட்டாக்களில் அது கிடையாது. அப்படிப்பட்ட நிலங்களை ஒப்படை நிலம் என்று சொல்லித் தடுக்க முடியாது என நீதிமன்றங்கள் பல வழக்குகளில் தீர்ப்புச் சொல்லியிருக்கின்றன. ஆக, தாத்தாவின் பட்டாவில் எழுதிய தேதி 1954 மே மாதமா, ஜூலை மாதமா என்பதில் ஒரு குடும்பத்தின் தலையெழுத்தே மாறக்கூடும். அந்தத் தேதியைப் படித்துப் பார்த்தவர் எங்களில் எத்தனை பேர்? காகிதம் டிரங்குப் பெட்டியில் கிடந்தது. ஆயா செத்தபோது பெட்டியை வெளியே எடுத்து வைத்தோம். புடவைகளைப் பகிர்ந்துகொண்டோம். அடியில் மடித்துக் கிடந்த காகிதங்களைக் கரையான் தின்றது என்று விட்டுவிட்டோம்.

1977இல் ஆந்திர அரசு கொண்டுவந்த ஒப்படை நிலக் கைமாற்றத் தடைச் சட்டம் (அந்த ஆண்டின் 9ஆம் சட்டம்) எங்களைப் போன்றவர்களை மனதில் வைத்தே எழுதப்பட்டது என்று இப்போது படிக்கும்போது தோன்றுகிறது. ஏழையின் நிலத்தை வேறொருவர் வாங்கியிருந்தால், கைப்பற்றியிருந்தால், அந்தக் கைமாற்றம் செல்லாது. அரசு அதை மீட்டு முதலில் யாருக்குக் கொடுத்ததோ அவருக்கோ அவருடைய சட்டபூர்வ வாரிசுக்கோ திருப்பித் தரலாம் என்கிறது நான்காம் பிரிவு. வாரிசுக்குத் திருப்பித் தருவது நடைமுறையில் இயலாது என்றால் நிலம் அரசிடமே போய், வேறு ஏழைக்கு ஒப்படைக்கப்படும். சட்டம் வாரிசைத் தேடுகிறது. வாரிசு வேளச்சேரியில் வாடகை வீட்டில் உட்கார்ந்துகொண்டு, ஊரில் எங்களுக்கு ஒன்றுமில்லை என்று நண்பர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

எப்படிக் கைவிட்டோம் என்று ஒன்றொன்றாகச் சொல்ல வேண்டும். பொதுவாக மன்னிப்புக் கேட்டால் யாருக்கும் பயனில்லை.

முதல் தவறு, பெயர் மாற்றாதது. 1971ஆம் ஆண்டின் நில உரிமைப் பதிவு, பட்டாதார் பாஸ்புத்தகச் சட்டத்தின்படி, வாரிசு வழியில் நிலம் வந்தவர் 90 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். எங்கள் குடும்பங்களில் தாத்தா செத்து 20, 30 வருஷம் ஆகியும் அடங்கலில் அவர் பெயரே ஓடுகிறது. சில வீடுகளில் அப்பாவும் போய்விட்டார். செத்துப்போன ஒருவர் பெயரில் இருக்கும் நிலத்துக்கு, உயிரோடு இருக்கும் பக்கத்து நிலக்காரர் ஒருவர் அனுபவதாரராக ஏறுவது எவ்வளவு எளிது என்று எங்களுக்குத் தெரியாமல் இல்லை. முன்பெல்லாம் கர்ணத்துக்கு ஊரில் யாருடைய பிள்ளை எங்கே இருக்கிறான் என்பது தெரியும். 1984 ஜனவரியில் ஆந்திர அரசு அந்தப் பரம்பரைக் கிராம அதிகாரிப் பதவிகளை ஒழித்தது. கர்ணங்களின் கையில் எங்கள் சனம் பட்ட அவமானத்தை நினைத்தால் அது நல்ல காரியம்தான், அதில் எங்களுக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் அதற்குப் பிறகு கணக்கு மண்டல ஆபீஸுக்குப் போனது. அங்கே போய் நாங்கள் இன்னாரின் பிள்ளைகள் என்று சொல்ல வேண்டிய பொறுப்பு எங்கள் தலையில் வந்தது. அதை நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டாவது, வெள்ளைத்தாள். அக்கா கல்யாணத்துக்கோ ஆஸ்பத்திரிச் செலவுக்கோ அப்பா நிலத்தைப் போக்கியத்துக்கு விட்டிருப்பார். அல்லது பத்து ரூபாய் ஸ்டாம்புத் தாளில் கைநாட்டு வைத்திருப்பார். அப்பாவை நாங்கள் குறை சொல்ல முடியாது. ஒப்படை நிலத்தை ஈடாக வைத்துக் கடன் கேட்டால் வங்கிகள் தயங்கின. வட்டிக்கு விடுகிறவர் தயங்கவில்லை. சம்பளம் வாங்கத் தொடங்கிய பிறகும் அந்தக் கடனை அடைத்துக் காகிதத்தைத் திரும்ப வாங்காதது எங்கள் குற்றம். மாதத் தவணையில் பைக் எடுத்தோம். நகரத்துக்கு வெளியே மனை வாங்கினோம். தாத்தாவின் ஓர் ஏக்கர் எத்தனை ஆயிரத்துக்குப் போக்கியத்தில் இருக்கிறது என்று அப்பாவிடம் கேட்கவில்லை. அவரும் சொல்ல வெட்கப்பட்டார். அந்த வெட்கத்தை நாங்கள் வசதியாக எடுத்துக்கொண்டோம்.

எல்லாவற்றிலும் பெரியது மூன்றாவது. எங்கள் அத்தைகளையும் அக்கா தங்கைகளையும் எழுத்தில் இல்லாமல் செய்தோம்.

பெண்களுக்குச் சொத்தில் பங்கு என்பது சமீபத்தில் வந்தது என்று எங்கள் ஊரில் எல்லோரும் நினைக்கிறார்கள். படித்தவர்கள் 2005 என்பார்கள். இன்னும் படித்தவர்கள், ஆந்திரத்தில் என்.டி.ஆர். காலத்திலேயே, 1985 செப்டம்பர் 5 முதல் வந்தது என்பார்கள். இரண்டும் கூட்டுக்குடும்பப் பரம்பரைச் சொத்தைப் பற்றியவை. எங்கள் தாத்தாவுக்குப் பரம்பரைச் சொத்து ஏது? அந்த மேடு அரசு அவர் பெயருக்கே கொடுத்தது, அவருடைய சொந்தச் சொத்து. உயில் எழுதாமல் செத்த ஓர் இந்துவின் சொந்தச் சொத்தில் மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு என்பது 1956 ஜூன் 17 முதலே சட்டம். எங்களில் கிறிஸ்தவக் குடும்பங்களும் உண்டு. 1925ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டத்திலும் மகனுக்கும் மகளுக்கும் ஒரே பங்குதான். எங்கள் அத்தைகள் பாவாடை கட்டிக்கொண்டு கல் பொறுக்கிய காலத்திலேயே அவர்களுக்கு உரிமை இருந்தது. சட்டம் வரவில்லை என்று நாங்கள் சொல்லித் தப்ப முடியாது.

நாங்கள் செய்தது என்ன? மீசேவா அரசுச் சேவை மையத்தில் குடும்ப உறுப்பினர் சான்றுக்கு மனு எழுதும்போது ஆண்பிள்ளைகளின் பெயரை மட்டும் எழுதினோம். "கட்டிக்கொடுத்த பொண்ணு பேரு எதுக்கு? கல்யாணத்துல போட்டாச்சு இல்ல?" என்று பெரியப்பா சொன்னார். நாங்கள் வாய் திறக்கவில்லை. கல்யாணத்தில் போட்டது என்ன என்று எங்களுக்குத் தெரியும். கால் சவரன் தோடு, ஒரு பித்தளைக் குடம், நாலு பாத்திரம். நிலத்தில் அவர்கள் போட்டதோ பதினைந்து வருஷ உழைப்பு. நடவு, களை, கடலை பிடுங்கல், எல்லாம் பெண்கள் வேலை. ஆண்கள் பெங்களூர்ச் சித்தாள் வேலைக்குப் போன வருஷங்களில் வேலி காத்தவர்களும் பெண்கள்தான். படித்த பேரன்கள் நாங்கள் அந்த மனுவைப் பூர்த்தி செய்துகொடுத்தோம். பேனா எங்கள் கையில் இருந்தது. கூட்டத்தில் பெண்ணுரிமை பற்றிப் பேசுகிற எங்கள் வாய் அன்று மூடியிருந்தது.

அதனால் வந்த விளைவு எங்களுக்கே திரும்பியது. நிலத்தின் செக்குபந்தி, அதாவது நாலு பக்கத்து எல்லை, சொல்லத் தெரிந்தவர்கள் அத்தைகள் மட்டும். கிழக்கே எந்தப் புளியமரம், வடக்கே யாருடைய கிணற்று மேடு, ஓடை எந்த வருஷ வெள்ளத்தில் தள்ளிப்போனது என்பதெல்லாம் அவர்கள் நினைவில் இருக்கிறது. எந்த வரைபடத்திலும் இல்லை. அவர்களைத்தான் நாங்கள் வாரிசு இல்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டோம்.

இங்கிலாந்தின் கிராமப்புறத்தில் கூலிக்காரக் குடும்பங்கள் குடிசையையும் அதையொட்டிய துண்டு நிலத்தையும் எப்படி வாரிசுக்கு விட்டன என்று படித்தபோது எங்கள் கதை வேறொரு வெளிச்சத்தில் தெரிந்தது. அங்கே காப்பிஹோல்ட் என்றொரு முறை 1925 முடிய இருந்தது. நிலம் பண்ணை எஜமானுடையது. குடியானவனின் உரிமை எஜமானின் பண்ணை நீதிமன்றப் பதிவேட்டில் எழுதிய வரி. அதன் நகல்தான் அவன் கையில் இருக்கும் பத்திரம். அவன் செத்ததும் வாரிசு பண்ணை நீதிமன்றத்துக்கு வந்து நின்று, நான்தான் மகன், நான்தான் மகள் என்று சொல்லி, கட்டணம் கட்டி, பெயரைப் பதிய வேண்டும். வராவிட்டால் அடுத்தடுத்த அமர்வுகளில் மூன்று முறை கூப்பிடுவார்கள். மூன்றாம் அழைப்புக்கும் வராவிட்டால் நிலத்தை எஜமான் எடுத்துக்கொள்வான். கொடுமையான முறைதான். ஆனால் எழுதத் தெரியாத கூலிக்காரர்கள், வேலைக்குப் போன தொலைவான ஊரிலிருந்துகூட, அந்த அழைப்புக்கு நடந்து வந்து நின்றிருக்கிறார்கள். பெயர்ப் பதிவேடுகளில் விதவைகளும் பெண்மக்களும் இருக்கிறார்கள்.

1892இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் கிராமத் தொழிலாளிக்குச் சிறு நிலம் கிடைக்க வேண்டும் என்று சிறு நிலவுடைமைச் சட்டம் போட்டது. அதில் மிகக் கொஞ்ச நிலமே கைமாறியது. அதே 1892இன் செப்டம்பர் 30 அன்று மதராஸ் அரசு தாழ்த்தப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கும் ஆணையைப் பிறப்பித்தது. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் எங்கள் மக்களின் நிலையைப் பற்றி எழுதிய அறிக்கை அதற்குக் காரணம். பஞ்சமி நிலம் என்று தமிழ்நாட்டில் இன்றும் போராட்டம் நடப்பது அதன் பேரில்தான். சித்தூர் அப்போது வட ஆற்காடு மாவட்டத்தில், அதே மதராஸ் ராஜதானியில் இருந்தது. செங்கல்பட்டுக்குப் பக்கத்துக் காரணையில் 1994 அக்டோபர் 10 அன்று அந்த நிலத்தைக் கேட்டு நின்றபோது போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் உயிர்விட்டார்கள். வாரிசாக வந்து நின்றதற்கு அவர்கள் கொடுத்த விலை அது. எங்களிடம் யாரும் உயிரைக் கேட்கவில்லை. ஒரு நாள் விடுப்புப் போட்டு பஸ் ஏறி வரச் சொன்னார்கள்.

உண்மையாகவே கூப்பிட்டார்கள். 2020 டிசம்பர் 21இல் ஆந்திரத்தில் நிலங்களை ட்ரோன் வைத்து மறு அளவை செய்யும் வேலை தொடங்கியது. கிராமம் கிராமமாக அறிவிப்பு வந்தது. உங்கள் நிலத்தில் வந்து நில்லுங்கள், எல்லையைக் காட்டுங்கள் என்றார்கள். ஊர் வாட்ஸ்ஆப் குழுவில் அந்தச் செய்தி வந்தது. கட்டை விரல் படத்தைப் போட்டுவிட்டு மறந்துபோனோம். ஆள் வராத நிலங்களில் அக்கம்பக்கத்தவர் காட்டியதே எல்லை ஆனது. சில இடங்களில் பலருடைய துண்டுகள் ஒரே எண்ணில் கூட்டாகப் பதிந்துவிட்டன. அதைத் திருத்தக் கேட்டு இன்று மனுப் போடுபவர்களில் நாங்களும் இருக்கிறோம். அளவையின் குறைகள் வேறு விஷயம், அவற்றைப் பற்றிப் பேச வேண்டியது நிறைய உண்டு. நாங்கள் அன்று அங்கே இல்லை என்பது எங்கள் விஷயம்.

வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதலில் கரும்புத் தோகை வேய்ந்த மண்சுவர் வீடு. பிறகு எண்பதுகளில் அரசு கட்டிக்கொடுத்த ஒற்றை அறை பக்கா வீடு. ஆயா சாகும்வரை வாசலில் சாணி தெளித்துக் கோலம் போட்டு வைத்திருந்த வீடு. கல்லூரிக்குப் போன பிறகு நண்பர்களை அந்த வீட்டுக்கு நாங்கள் அழைத்ததில்லை. ஊர்ப் பெயரைச் சொன்னோம், காலனிப் பெயரைச் சொல்லவில்லை. வேறு வேறு சாதிப் பிள்ளைகள் சேர்ந்து படித்த இடத்தில் அந்த முகவரி எங்களைக் காட்டிக்கொடுக்கும் என்று பயந்தோம். பயத்துக்குக் காரணம் இருந்தது, அதை மறைக்க மாட்டோம். ஆனால் பயம் தீர்ந்த பிறகும், வேலை கிடைத்து யாருக்கும் பயப்படத் தேவையில்லாத நிலை வந்த பிறகும், வீட்டை எட்டிப் பார்க்கவில்லை. மேல்தளம் ஒழுகியது. கதவை யாரோ கழற்றிக்கொண்டு போனார்கள். மனைப் பட்டா தாத்தா பெயரில் இருக்கிறதா, அல்லது வெறும் அனுபவ மனையா என்றுகூட எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

தமிழகத்து நண்பர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும், இதில் எல்லோரும் சேர்ந்து நாம் ஆகிறோம். 1953இல் ஆந்திரம் பிரிந்தபோது ம.பொ.சி. நடத்திய வட எல்லைப் போராட்டத்தை நாம் மேடைதோறும் நினைவுகூர்கிறோம். 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி நமக்கு வந்தது என்கிறோம், திருப்பதி போய்விட்டதே என்று வருந்துகிறோம். அந்தப் பக்கம் நின்றுவிட்ட தமிழ்க் கூலிக் குடும்பங்களின் பட்டாவைப் பற்றி நம் பத்திரிகைகளில் எத்தனை பக்கம் வந்திருக்கிறது? கோயிலையும் மலையையும் கணக்கிட்ட நாம் நகரியிலும் சத்தியவேட்டிலும் புத்தூரிலும் குடியிருக்கும் மனிதர்களைக் கணக்கிடவில்லை. அங்கே அடங்கல், 1-பி ஆகிய நிலப் பதிவேடுகள் தெலுங்கில். எல்லை தாண்டிப் படித்த பிள்ளைக்கு அது படிக்க வராது. அதைப் படித்துச் சொல்லவும் மனு எழுதிக்கொடுக்கவும் ஒரு தமிழ் அமைப்பு ஊருக்குள் ஒரு மேசை போட்டிருந்தால் போதும். நாம் மாநாடு போட்டோம். எங்களில் சிலர் அந்த மாநாடுகளில் பேசவும் செய்தோம்.

இப்போது நிலத்துக்கு விலை வந்திருக்கிறது. சத்தியவேடு, வரதையபாளையம் பக்கம் ஸ்ரீசிட்டி எழுந்தது. சென்னை–பெங்களூரு விரைவுச்சாலை சித்தூர் மாவட்டத்தைக் கடந்து போகிறது. ஒப்படை நிலத்தை அரசு எடுத்தாலும் முழு உரிமையாளருக்குக் கொடுப்பது போலச் சந்தை மதிப்பில் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று 2004இல் மேகல பாண்டு வழக்கில் ஆந்திர உயர்நீதிமன்றத்தின் விரிவான அமர்வு தீர்ப்பளித்தது. 2023இல் 1977ஆம் ஆண்டுச் சட்டம் திருத்தப்பட்டு, ஒப்படைத்து 20 ஆண்டு கடந்த விவசாய நிலத்தில் முதலில் ஒப்படை பெற்றவருக்கோ வாரிசுக்கோ முழு உரிமை என்று வந்தது. உடனே தரகர்களின் கார்கள் காலனிக்குள் வந்தன. 2024இல் வந்த அரசு முறைகேடுகள் நடந்ததாகச் சொல்லி அந்த நிலங்களின் பத்திரப்பதிவை நிறுத்திவைத்து விசாரித்தது. அந்த ஆண்டு ஜூலை 21 இரவு மதனப்பள்ளி சப்-கலெக்டர் அலுவலகத்தில் தீப்பிடித்து நிலக் கோப்புகள் எரிந்தன. அடுத்த நாட்களில் தங்கள் நிலம் போனது என்று மனுவோடு வந்து நின்ற கூட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். பாதிப் பேர் வயதானவர்கள். அவர்களோடு வந்திருக்க வேண்டிய பிள்ளைகள் எங்களைப் போல எங்கேயோ உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

தாமதமாக ஒரு வேலையைத் தொடங்கியிருக்கிறோம். கையில் எஞ்சிய தீர்வை ரசீது, ரேஷன் கார்டு, பழைய வாக்காளர் பட்டியல், இறப்புச் சான்று என்று குடும்பம் குடும்பமாகச் சேர்க்கிறோம். நிலம் பத்திரப்பதிவுக்கான 22-ஏ தடைப் பட்டியலில் இருக்கிறதா, முதல் ஒப்படையின் தேதி என்ன என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கிறோம். குடும்ப உறுப்பினர் சான்றைத் திருத்தி அத்தைகளின் பெயரையும் அக்காக்களின் பெயரையும் சேர்க்க மனுப் போடுகிறோம். மனுவில் கையெழுத்து வாங்கப் போனபோது அத்தைகளில் சிலர் பங்கு வேண்டாம், பேரு இருந்தா போதும்ப்பா என்றார்கள். பெரியப்பாக்கள் சந்தோஷப்பட்டு, அதையே விடுதலைப் பத்திரமாக எழுதி வாங்கிவிடலாம் என்றார்கள். அப்படி எழுதி வாங்குவதில்லை என்று எங்களுக்குள் பேசி முடிவு செய்திருக்கிறோம். பெயர் ஏறட்டும், பாஸ்புத்தகம் அவர்கள் கைக்கு வரட்டும், அதன் பிறகு வேண்டுமா வேண்டாமா என்று அவர்கள் சொல்லட்டும். இந்த முடிவால் இரண்டு வீடுகளில் பேச்சுவார்த்தை நின்றுபோயிருக்கிறது. ஒரு பெரியப்பா இன்னும் கையெழுத்துப் போடவில்லை. அவர் போடாமலேயே விசாரணை நடத்திப் பெயர் சேர்க்கத் தாசில்தாருக்கு அதிகாரம் உண்டு என்பதால் மனு மேலே போயிருக்கிறது. விசாரணை நாளில் செக்குபந்தி சொல்ல அத்தைகள் வருகிறார்கள். கூட்டிக்கொண்டு போய் நிற்க நாங்கள் விடுப்புக்கு எழுதிக்கொடுத்திருக்கிறோம்.